வகை 2 சர்க்கரை நோயில் மூலிகைகள்: மாத்திரையோடு சேர்த்து அளந்து எடுப்பது எப்படி

வெந்தயம் சாப்பிடலாமா, பாகற்காய்ச் சாறு குடிக்கலாமா என்று கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள்தான். எவ்வளவு என்று கேட்டால் கையளவு காட்டுவார்கள். எந்த மாத்திரையோடு என்று கேட்டால் யோசிப்பார்கள். மருத்துவரிடம் சொன்னீர்களா என்றால், பெரும்பாலும் இல்லை. கெடுதல் நடப்பது இந்த மூன்று இடங்களில்தான். சர்க்கரையைக் குறைக்கும் எதுவும் மருந்துதான்; அதற்கு அளவு உண்டு, நேரம் உண்டு, மற்ற மருந்துகளோடு மோதலும் உண்டு. அப்படி நினைத்துக் கையாண்டால் சில மூலிகைகள் உண்மையாகவே கொஞ்சம் உதவும்.

எந்த அளவுக்கு உதவும் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மெட்ஃபார்மின் ஒழுங்காக எடுத்தால் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சதவீதத்தில் காட்டும் ரத்தப் பரிசோதனை) சுமார் 1 முதல் 1.5 புள்ளி வரை இறங்கும். கொழகொழப்பான நார்ச்சத்தைத் தினமும் போதிய அளவில் எடுத்தால், மாத்திரையின் பலனுக்கு மேல் ஏறத்தாழ அரைப் புள்ளி கிடைக்கலாம். மற்ற மூலிகைகள் பலவற்றுக்கு ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. 9.5-ல் இருப்பவரை எந்தப் பொடியும் 6.5-க்குக் கொண்டுவராது. 7.4-ல் நிற்பவரை 7-க்குக் கீழே தள்ளுவதற்கு வேண்டுமானால் கைகொடுக்கும். இதைத் துணை மருத்துவம் என்று சொல்வதும் அதனால்தான்.

மெட்ஃபார்மினுக்கே ஒரு செடிதான் மூலம். கலேகா அஃபிசினாலிஸ் என்ற அந்தச் செடியில் குவானிடைன் வகைப் பொருட்கள் இருக்கின்றன. அவை சர்க்கரையைக் குறைக்கும்; ஆனால் செடியை அப்படியே மேய்ந்த ஆடுகள் செத்துப்போனதும் உண்டு. அந்த வகைப் பொருட்களில் நஞ்சு குறைந்த ஒன்றைத் தேர்ந்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்ட பிறகுதான் அது மருந்தாக நிலைபெற்றது. செடிக்குள் சக்தி இருக்கிறது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எவ்வளவு எடுத்தால் மருந்து, எங்கே தொடங்கி நஞ்சு என்பதுதான் கேள்வி.

தொடங்கவே கூடாதவர்கள்

வகை 1 சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் ஆகியோர் மருந்தளவில் எந்த மூலிகையும் எடுக்கக் கூடாது. உணவில் சேரும் அளவு வேறு, கரண்டி கரண்டியாக எடுப்பது வேறு. பாகற்காய்ச் சாறும் மருந்தளவு வெந்தயமும் கருப்பையைத் தூண்டக்கூடியவை.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் ஒன்றையும் தொடக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லாப் பொடிகளையும் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. தாகம் அடங்காமல், அடிக்கடி சிறுநீர் போய், காரணமே இல்லாமல் எடை குறைந்துகொண்டு, சர்க்கரை 300-ஐத் தாண்டி நிற்பவர்கள். இவர்களுக்குத் தேவை அவசர மருத்துவ கவனிப்பு, பலருக்கு இன்சுலினும். இந்த நிலையில் மூலிகையைச் சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு வாரமும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

உங்கள் மாத்திரை எது என்று பாருங்கள்

மாத்திரை அட்டையின் பின்புறம், வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதைப் படித்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருப்பது சகஜம்.

கிளிமெப்பிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவையும் இன்சுலினும் தாழ்சர்க்கரையை உண்டாக்கக் கூடியவை. சாப்பிட்டிருக்கிறீர்களா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும் மருந்துகள் இவை. இவற்றோடு மூலிகையும் சேர்ந்தால் 70-க்குக் கீழே போகும் வாய்ப்பு கூடும். இந்தப் பட்டியலில் உங்கள் மருந்து இருந்தால், மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த அபாயம் குறைவு. ஆனால் மெட்ஃபார்மினும் வயிற்றைக் கலக்கும், வெந்தயமும் கலக்கும். இரண்டும் ஒரே வேளையில் சேர்ந்தால் சிலருக்கு வயிற்றுப்போக்கு நிற்காது.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை, கூடவே நீரும் போகும். இவற்றை எடுப்பவர்கள் நிலாவாரை, கற்றாழையின் மஞ்சள் பால் போன்ற பேதிச் சரக்குகள் கலந்த சூரணங்களை விலக்க வேண்டும். பேதியாகி நீர் வற்றி, சாப்பாடும் குறைந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடும். மீட்டரில் 180 என்று காட்டும்; ஆள் வாந்தியும் மூச்சிரைப்புமாகக் கிடப்பார். மீட்டரைப் பார்த்து ஏமாறக் கூடிய நிலை இது.

செமாகுளுடைட் போன்ற ஊசி போடுபவர்களுக்கு இரைப்பை ஏற்கெனவே மெதுவாகத்தான் காலியாகிறது. அதன் மேல் கொழகொழக்கும் நாரை ஏற்றினால் குமட்டலும் வயிற்று உப்பசமும் தாங்காது. பாதி அளவில் தொடங்கி, ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள்.

வெந்தயம்

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வெந்தயத்தைத்தான் சொல்ல வேண்டும். விலை குறைவு, கலப்படம் செய்ய வாய்ப்பு குறைவு, விதையாகக் கண்ணால் பார்த்து வாங்கலாம், வேலை செய்யும் விதமும் ஓரளவு தெரிந்திருக்கிறது. இதில் இருக்கும் காலக்டோமன்னன் என்ற கரையும் நார் தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழவென்று ஆகி, குடலில் மாவுச்சத்து செரித்து உறிஞ்சப்படும் வேகத்தைக் குறைக்கிறது. 4-ஹைட்ராக்ஸி ஐசோலூசின் என்ற அமினோ அமிலமும் இருக்கிறது. அது இன்சுலின் சுரப்பைக் கொஞ்சம் தூண்டுகிறது. ஆனாலும் பெரிய வேலை நாருடையதுதான். இதைப் புரிந்துகொண்டால் தயாரிப்பில் செய்யும் தவறுகள் எல்லாம் தானாகவே கண்ணில் படும்.

முதல் தவறு, ஊறவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டிவிடுவது. நாரின் பெரும்பகுதி விதையில்தான் இருக்கிறது. தண்ணீரில் இறங்குவது கசப்பும் நிறமும் கொஞ்சம் நாரும்தான். இரண்டாவது, விதையை மெல்லாமல் முழுதாக விழுங்குவது. ஊறாத முழு விதை வயிற்றுக்குள் போய் அப்படியே வெளியே வந்துவிடும். மூன்றாவது, காலையில் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவது. சாப்பாடு வரும்போது அந்தக் கொழகொழப்பு குடலில் கூடவே இருந்தால்தான் பலன்.

சமையலறைத் தராசில் எடை போட்டு எடுங்கள். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி விதை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரு மேசைக்கரண்டி சுமார் 11 கிராம். முதல் வாரம் நாளுக்கு 3 கிராம், இரண்டாம் வாரம் 5, ஒத்துக்கொண்டால் மூன்றாம் வாரம் முதல் 10 கிராம் என்று ஏற்றுங்கள். 10 கிராமை ஒரே வேளையில் தள்ளாமல், மாவுச்சத்து அதிகம் இருக்கும் இரண்டு வேளைகளுக்கு ஐந்தைந்தாகப் பிரிப்பது நல்லது. ஆய்வுகளில் 25 கிராமும் அதற்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

5 கிராம் விதையைக் கழுவி 100 மி.லி. தண்ணீரில் 8 மணி நேரம் ஊறவையுங்கள். வெயில் காலத்தில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெளியே 12 மணி நேரத்தைத் தாண்டினால் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு விதையை நன்றாக மென்று, ஊறிய தண்ணீரையும் குடித்துவிட்டு, மேலே ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். கசப்பு தாங்காதவர்கள் ஊறிய விதையை அரைத்து மோரில் கலந்து குடிக்கலாம். பொடியாக வேண்டுமானால் வீட்டிலேயே அரைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். உலர்ந்த பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் ஆபத்து, தொண்டையிலேயே வீங்கிக்கொள்ளும்.

முளைகட்டிய வெந்தயத்தை விரும்புபவர்கள் வேகவைத்தே சாப்பிடுங்கள். 2011-ல் ஜெர்மனியில் பரவிய கொடிய ஈ.கோலை தொற்றுக்கு வெந்தய முளைகள்தான் காரணமாகக் கண்டறியப்பட்டன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரமும் வெதுவெதுப்பும் விதைக்கு எப்படியோ, கிருமிக்கும் அப்படியே.

வாயு, வயிற்று உப்பசம், இளக்கம் முதல் பத்து நாட்களில் வரலாம். அளவைப் பாதியாக்கினால் அடங்கும். வியர்வையிலும் சிறுநீரிலும் ஒரு இனிப்பு வாசனை வரும், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம், ஏனென்றால் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம்.

எந்த மாத்திரையாக இருந்தாலும் வெந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாவுச்சத்தைப் பிடித்துவைக்கும் அதே நார் மருந்தையும் பிடித்துவைக்கும்.

இசப்கோல்

வெந்தயத்தின் கசப்பும் வாயுவும் ஒத்துவராதவர்களுக்கு இசப்கோல் உமி நல்ல மாற்று. வேலை செய்யும் விதம் அதேதான். கெட்ட கொழுப்பையும் கொஞ்சம் குறைக்கும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம், 250 மி.லி. தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்கு முன்பே, சாப்பாட்டுக்குச் சற்று முன் குடிக்க வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் கூடும், தொண்டையில் அடைக்கவும் செய்யும். விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மாத்திரை இடைவெளி வெந்தயத்துக்குச் சொன்னதேதான். சுவைக்காகச் சர்க்கரை சேர்த்த பொட்டலங்களும் விற்கிறார்கள். உறையைப் படித்து வாங்குங்கள்.

பாகற்காய்

காயாகச் சமைத்துச் சாப்பிடுவதில் யாரும் பயப்பட வேண்டியதில்லை. பிரச்சினை சாற்றில். 2011-ல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில் உலர்ந்த பாகற்காய்ப் பொடி நாளுக்கு 2,000 மி.கி. கொடுத்தபோது சர்க்கரை நிலையைக் காட்டும் ரத்த அளவு ஒன்று இறங்கியது, ஆனால் 1,000 மி.கி. மெட்ஃபார்மின் இறக்கியதை விடக் குறைவாகத்தான். அதைவிடக் குறைந்த அளவுகளில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

சாறுதான் வேண்டும் என்றால் 50 மி.லி. போதும். ஒரு நடுத்தரக் காயை நீளவாக்கில் கீறி விதையையும் பஞ்சையும் முழுக்க வழித்தெடுத்து, 50 மி.லி. தண்ணீரோடு அரைத்து வடிகட்டி, சாப்பாட்டுக்குச் சற்று முன் குடியுங்கள். விதையை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதில் வைசின் என்ற பொருள் உண்டு. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பவர்கள் சாற்றை முற்றாக விலக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு பெரிய குவளை குடித்தால் வயிற்று வலியும் பேதியும் வருவதைப் பலர் நச்சு வெளியேறுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். குடல் எரிச்சல்தான் அது. குழந்தைகள் பாகற்காய்க் கஷாயம் குடித்து, சர்க்கரை மிகவும் இறங்கி நினைவிழந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

சாறு என்றவுடன் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காமல் துப்பிவிடுங்கள். குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கிறது என்பதன் அடையாளம் அந்தக் கசப்பு, அதைக் குடித்து இறந்தவர்கள் உண்டு. நட்சத்திரப் பழச் சாற்றைச் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் தொடக் கூடாது. அதன் நஞ்சை வெளியேற்ற முடியாமல் மூளை வரை பாதிக்கும்.

சிறுகுறிஞ்சான்

இதன் இலைக்கு ஒரு தனிக் குணம். ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு ஏற்பிகளை மறைத்துவிடும். பொடி அசலா என்று பார்க்க இதையே பயன்படுத்தலாம். ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டு ஒரு நிமிடம் பரப்பி வைத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, கொஞ்சம் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள். அசலாக இருந்தால் சர்க்கரை வெறும் மணல்போல இருக்கும்; அரை மணி நேரமாவது இனிப்பு தெரியாது. இனித்தால் அந்தப் பொடி பழையது, அல்லது வேறு இலை.

1990-ல் வெளியான ஆய்வொன்றில் வகை 2 உள்ள 22 பேர் தங்கள் மாத்திரைகளோடு இலைச் சாரம் 400 மி.கி. எடுத்தார்கள். 18 முதல் 20 மாதங்களில் ஐந்து பேரால் மாத்திரையை நிறுத்த முடிந்தது. இந்த ஐந்து பேர் கதைதான் எல்லா விளம்பரங்களிலும் சுற்றுகிறது. மீதிப் பதினேழு பேரையும், அது குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்பதையும் யாரும் சொல்வதில்லை. இலைப் பொடியானால் நாளுக்கு 2 கிராமில் தொடங்கி 4 கிராமோடு நிறுத்துங்கள், இரண்டு வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்குச் சற்று முன். ஈரல் பாதிப்பு அரிதாகப் பதிவாகியிருப்பதால், தொடங்கும் முன்பும் ஆறு வாரம் கழித்தும் ஈரல் நொதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எடுப்பவரின் வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: தாழ்சர்க்கரை வந்து குளுக்கோஸ் கொடுக்கும்போது அவருக்கு இனிப்பு தெரியாமல் போகலாம். இது குளுக்கோஸே இல்லை என்று துப்பப் பார்ப்பார். சுவை தெரியாவிட்டாலும் ரத்தத்தில் ஏறும், விழுங்க வையுங்கள்.

லவங்கப்பட்டை

கடையில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா. தடித்த ஒற்றை அடுக்காக, மரப்பட்டைபோலக் கெட்டியாக, ஓரங்கள் உள்பக்கம் சுருண்டு இருக்கும். கையால் ஒடிப்பது கஷ்டம். அசல் லவங்கப்பட்டை காகிதம்போல மெல்லிய அடுக்குகள் பல சேர்ந்து சுருட்டுபோல உருண்டிருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். பொடியாகிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது, எனவே சுருளாகவே வாங்குங்கள்.

வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், காசியாவில் கூமரின் அதிகம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி. கூமரினை நாளொன்றின் வரம்பாக வைத்திருக்கிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 6 மி.கி. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான காசியாப் பொடியே அந்த வரம்பைத் தொட்டுவிடும். மாதக்கணக்கில் தினமும் போனால் சிலருக்கு ஈரல் கெடும். அசல் பட்டையில் கூமரின் மிகச் சொற்பம். அதிலும் நாளுக்கு 1 கிராம், அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, போதும். இதற்கும் 2012-ன் காக்ரேன் முடிவு பாகற்காய்க்குச் சொன்னதுபோலத்தான். சர்க்கரை போடாத தேநீருக்கு மணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தாக நம்பி மாத்திரையைக் குறைக்க இதில் ஒன்றும் இல்லை.

மற்றவை

கோவைக்காய்க் கொடியில் ஓரளவு நம்பிக்கை உண்டு. 2008-ல் வெளியான பெங்களூரு ஆய்வில் புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்ட 60 பேர் பங்கேற்றார்கள். 90 நாள் சாரம் எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்று அளவு சராசரியாக 16 சதவீதம் இறங்கியது. அதைப்போன்ற பெரிய ஆய்வுகள் இன்னும் வேண்டும். காயாகத் தாராளமாகச் சாப்பிடலாம்.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் நிஜமாகவே வலிமையானது, அதனாலேயே அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பதால், உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் உள்ளிட்ட பல மருந்துகள் ரத்தத்தில் தேங்கும். ஆய்வுகளில் கொடுத்தது 500 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு மூன்று வேளை. மருத்துவர் எழுதிக் கொடுத்தாலன்றி வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைக்கும் அறவே கூடாது.

பொன்குரண்டி எனப்படும் சலாசியாவும் முசுக்கொட்டை இலையும் அகார்போஸ் மாத்திரைபோல, மாவுச்சத்தை உடைக்கும் நொதியைத் தடுப்பவை. மாவுச்சத்து இல்லாத சாப்பாட்டோடு எடுத்தால் வீண். சீந்தில் பொடியை இப்போதைக்கு விலக்குங்கள். 2021 முதல் அதனால் ஈரல் அழற்சி வந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் தொடர்ந்து வந்திருக்கின்றன. சமையலில் சேரும் மஞ்சள் வேறு, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை வேறு. பின்னதால் ஈரல் கெட்டவர்கள் உண்டு. நாவல் கொட்டை, ஆவாரம்பூ, கறிவேப்பிலை ஆகியவற்றுக்கு விலங்குகளில் நல்ல முடிவுகள் இருக்கின்றன, மனிதர்களில் ஆதாரம் மெலிது.

பலன் இருக்கிறதா என்று அறிவது

ஒரே நேரத்தில் ஒன்றுதான். ஏழு சரக்கு கலந்த சூரணத்தில் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. புதிய மாத்திரை தொடங்கிய மாதத்திலும், உணவு முறையை மாற்றிய மாதத்திலும் மூலிகையைத் தொடங்காதீர்கள்.

முதலில் எச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஈரல் நொதிகள், ஹீமோகுளோபின் நான்கையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் எதற்கு என்றால், இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், சிவப்பணுக்கள் உடைந்தால் குறைத்துக் காட்டும்.

பிறகு இரண்டு வாரம் மூலிகை இல்லாமல், வாரத்தில் மூன்று நாள் வெறும் வயிற்றிலும், ஒரே வகைக் காலை உணவு சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து எழுதுங்கள். ஆறு ஜோடி அளவுகள் கிடைக்கும். அவற்றின் சராசரிதான் உங்கள் தொடக்கப் புள்ளி. மூலிகை தொடங்கிய பின் நான்காம் வாரத்திலும் எட்டாம் வாரத்திலும் பன்னிரண்டாம் வாரத்திலும் அதே உணவோடு அதேபோல அளக்க வேண்டும். தாழ்சர்க்கரை வரக்கூடிய மருந்து எடுப்பவர்கள் முதல் இரண்டு வாரம் தினமும் பார்க்க வேண்டும், படுக்கப் போகும் முன்பும்.

ஒற்றை அளவை வைத்து மகிழவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே 100-க்கு மேல் 15 சதவீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. உண்மை அளவு 160 என்றால் 140 காட்டினாலும் 180 காட்டினாலும் மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் அதுவே முப்பது நாற்பது புள்ளி கூட்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். சர்க்கரையை அளக்கத் தோலில் ஒட்டும் உணரி சிலவற்றில், வைட்டமின் சி மாத்திரை நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் போனால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.

எச்பிஏ1சியை 12 வாரம் முடிவதற்குள் பார்ப்பதில் பயன் இல்லை. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் பழைய மாதங்களின் சர்க்கரையும் அந்த எண்ணுக்குள் இருக்கும். அரைப் புள்ளிக்குக் குறைவான மாற்றத்தைப் பலனாகக் கணக்கிடாதீர்கள். பன்னிரண்டு வாரத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால், அந்த மூலிகை உங்களுக்கு இல்லை. அளவைக் கூட்டிப் பார்க்காமல் நிறுத்திவிடுங்கள்.

பொடிக்குள் வேறென்ன இருக்கிறது

வேர், இலை, விதை என்று அடையாளம் தெரியும் வடிவத்தில் வாங்கி வீட்டில் பொடிப்பதே பாதுகாப்பு. ரகசியக் கலவை, உறையில் உட்பொருள் பட்டியல் இல்லாதது, ஒரு மாதத்தில் நோயே தீரும் என்று எழுதியது, இவை எதையும் தொடாதீர்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மூலிகை என்று விற்ற பொடிகளிலும் மாத்திரைகளிலும் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின், ஏன் 1970-களிலேயே பல நாடுகளில் விலக்கப்பட்ட ஃபென்ஃபார்மின்கூடக் கலந்திருந்ததை ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. 2008-ல் சிங்கப்பூரில் கிளிபென்கிளமைடு கலந்த ஆண்மை மாத்திரைகளால் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் கடும் தாழ்சர்க்கரையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஏதோ ஒரு பொடி தொடங்கிய ஒரே வாரத்தில் சர்க்கரை நூறு புள்ளி இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். செடி அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. பொடியை உறையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

உலோகம் சேர்த்துப் புடமிட்ட பற்பம், செந்தூரங்களைச் சர்க்கரை நோயாளிகள் தாங்களாக எடுக்கக் கூடாது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2008-ல் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதப் பொருட்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே சுமை தாங்கும் சிறுநீரகத்துக்கு இது கூடுதல் அடி.

சர்க்கரை இறங்கிவிட்டால்

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம்: இவற்றில் எது வந்தாலும் உடனே அளந்து பாருங்கள். மீட்டர் கையில் இல்லை என்றால் தாழ்சர்க்கரை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அல்லது 150 மி.லி. பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தாண்டியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். அகார்போஸ், வாக்லிபோஸ் மாத்திரையோ சலாசியாவோ முசுக்கொட்டையோ எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, அதை உடைக்கும் நொதிதான் தடுக்கப்பட்டிருக்கிறதே. குளுக்கோஸ்தான் வேண்டும், வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவருக்கு ஒரு தடவை சரியான பிறகும் பல மணி நேரத்துக்குத் திரும்பத் திரும்ப இறங்கலாம். தூங்கவிடாமல் மருத்துவமனைக்கே கூட்டிப் போங்கள்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, உடம்பு முழுக்க அரிப்பு, இரண்டு நாளுக்கு மேல் பேதி, ஒரே வாரத்தில் இரண்டு தடவை 70-க்குக் கீழே இறங்குவது ஆகியவை மூலிகையை அன்றே நிறுத்துவதற்கான அடையாளங்கள். காய்ச்சல், வாந்தி வந்த நாளிலும், சாப்பிடாமல் இருக்கும் நாளிலும் மூலிகை வேண்டாம். ஆனால் இன்சுலினையும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்றைக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரே தாளில் இவற்றை எழுதிக் கொண்டுபோங்கள்: மூலிகையின் பெயர், எந்தப் பாகம், எத்தனை கிராம், எந்த வேளை, என்று தொடங்கியது, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். எச்பிஏ1சி நன்றாக இறங்கியிருந்தால் எந்த மாத்திரையை, எவ்வளவு குறைப்பது என்பதை இந்தத் தாளை வைத்து அவர் முடிவு செய்யட்டும். பெரும்பாலும் தாழ்சர்க்கரை தரும் மாத்திரையைத்தான் முதலில் குறைப்பார்கள், குறைத்த பிறகு இரண்டு வாரம் தினமும் அளந்து பார்க்கச் சொல்வார்கள்.